நெவில் போட்ட டிக்குகள்

வார்னம்பூல்
9 ஜனவரி 2019

அன்புள்ள கொரலி,

போனில் நீ பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது, மீதி உன் நாய் குரைத்தது. அதனால் எழுதுகிறேன். இனி இந்தப் பயணம் பற்றி எல்லாம் கடிதத்திலேயே இருக்கட்டும். எழுத்தில் இருந்தால் நீ பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சொல்ல முடியாது.

கப்பல் கம்பெனி ஒத்துக்கொண்டது. நெவில் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் பாவம், "உங்கள் கணவர் வர இயலாததற்கு வருந்துகிறோம்" என்று எழுதியிருக்கிறாள். அவர் ஏதோ சளி பிடித்து வீட்டில் படுத்திருக்கிற மாதிரி.

ஏப்ரல் 6 நியூரம்பெர்கில் ஏறுகிறோம், 13 புடாபெஸ்ட்டில் இறங்குகிறோம். ஒரே அறை, இரண்டு கட்டில். ஜன்னல் பக்கம் எனக்கு.

கப்பல் நிற்கிற ஊர்களில் இறங்கிப் போகிற கரைச் சுற்றுகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துத் தாளில் டிக் போட்டு அனுப்ப வேண்டும். ஓர் அறைக்கு ஒரு தாள்தான். போன ஜூலையில் நெவிலே எல்லாவற்றுக்கும் பென்சிலால் போட்டு வைத்துவிட்டார்.

ரீகன்ஸ்பர்கில் காலை பத்து மணிக்குப் பீர் ருசி பார்த்தல். பாஸாவில் மலைக்கோட்டைக்கு நடந்து ஏறுதல், இருநூறு படி. மெல்க்கிலிருந்து ஆற்றங்கரையோடு க்ரெம்ஸ் வரை முப்பது கிலோமீட்டர் சைக்கிள். வியன்னாவில் குதிரை லாயம். புடாபெஸ்ட்டுக்கு நேரே மட்டும் ஒன்றுமில்லை, காலி.

இதுதான் அவர் கடைசியாகக் கைப்பட நிரப்பிய தாள். இதில் ஒரு டிக்கைக்கூட மாற்றுவதாக இல்லை. நீ வருவதானால் இதற்குச் சம்மதித்து வா. நல்ல காலணி வாங்கிக்கொள்.

வெர்னா


பர்னி, டாஸ்மேனியா
17 ஜனவரி

வெர்னா அக்கா,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை சமையலறையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன், நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

உனக்கு எழுபத்து மூன்று. எனக்கு அறுபத்தேழு, அதில் இடது இடுப்பு மட்டும் தொண்ணூறு. நீ கடைசியாக சைக்கிள் ஏறியது 1958இல். நேராகப் போய் சர்ச் கூடத்துச் சுவரில் மோதினாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பீர் வாடை வந்தால் நீ ஜன்னலைத் திறப்பாய். குதிரையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். பால்காரர் குதிரை உன் தோளைக் கடித்ததிலிருந்து நீ குதிரை இருக்கிற தெருவில் நடந்ததில்லை.

நானும் கம்பெனிப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்துவிட்டேன். அதே ஊர்களில் மனிதர்கள் போகிற மாதிரியும் சுற்றுகள் இருக்கின்றன. ரீகன்ஸ்பர்கில் ஊரை மெதுவாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். மெல்க்கில் மடாலயமும் தோட்டமும். அங்கிருந்து பஸ்ஸிலேயே போய் ஆப்ரிகாட் பழத் தோப்பு பார்க்கலாம், ஏப்ரலில் எல்லாம் பூத்திருக்குமாம். வியன்னாவில் உட்கார்ந்து கேக் சாப்பிடுவதற்கென்றே ஒரு சுற்று வைத்திருக்கிறார்கள் அக்கா! நடக்க முடியாதவர்களுக்கு மெதுநடைக் குழு என்று தனியாக ஒன்று, அதற்கு ஒரு வழிகாட்டி, கையில் பச்சை அட்டை பிடித்திருப்பாராம். எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது.

நெவில் நல்ல மனிதர். நான் அவரை மதித்தேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு தாளில் பென்சிலால் போட்ட டிக்கு வேதவாக்கா? பென்சிலால் போட்டாரே, அழிக்கலாம் என்றுதானே?

யோசித்துச் சொல்.

கொரலி

பி.கு. ஜன்னல் பக்கத்துக்கு நாணயம் சுண்டிப் பார்ப்போம்.


வார்னம்பூல்
24 ஜனவரி

கொரலி,

யோசித்தேன். மாற்ற முடியாது.

எனக்கு சைக்கிள் பிடிக்காது, குதிரை பிடிக்காது, பீர் பிடிக்காது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்கு எது பிடிக்கும் பிடிக்காது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும், உண்மைதான். அதனால் உன்னிடமே கேட்கிறேன். நாற்பத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்த மனுஷர் எனக்காக ஏன் சைக்கிள் போட்டார்? ஏன் குதிரை போட்டார்? உனக்கு ஏதாவது தோன்றுகிறதா? தோன்றினால் எழுது. படிக்க ஆவலாக இருக்கிறேன்.

பென்சில் பற்றி. அவர் எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதுவார். வருமான வரியைக்கூட. நான் அதன்மேல் பேனாவால் எழுதிவிட்டேன். இப்போது அழிக்க முடியாது.

தாளின் நகல் 8 பிப்ரவரிக்குள் போய்ச் சேர வேண்டும், அசலை நானே வைத்துக்கொள்கிறேன். நீ வரவில்லையென்றால் சொல்லிவிடு. பக்கத்துக் கட்டிலைக் காலியாக வைத்துக்கொண்டு போகிறேன். ஆகஸ்டிலிருந்து அது எனக்குப் பழக்கம்தான்.

மெதுநடைக் குழு வேண்டாம். நாம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

வெர்னா


பர்னி
2 பிப்ரவரி

வெர்னா அக்கா,

வருகிறேன்.

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். நீ கேட்ட கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நெவில் மனதில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்ல முடியும். ஆண்கள் வயதானால் ஏதாவது புதிதாக ஆரம்பிப்பார்கள். இங்கே எங்கள் தெருவில் ஒருவர் எழுபது வயதில் ட்ரம்பெட் வாங்கியிருக்கிறார்.

காலியான கட்டிலைப் பற்றி நீ எழுதிய வரிக்காகத்தான் வருகிறேன், குதிரைக்காக இல்லை.

அடுத்த வீட்டுப் பெண்ணின் சைக்கிளை வாங்கி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஏறினேன். இறங்குவதுதான் வரவில்லை, புல்லைப் பார்த்து விழுந்துவிட்டேன். அங்கே பாட்டரி சைக்கிள் கொடுப்பார்களாம், தானே போகுமாம். தானே நிற்குமா என்று புத்தகத்தில் போடவில்லை.

காதுக் கருவிக்கு பாட்டரி இரண்டு மடங்கு எடுத்துக்கொள். வழிகாட்டி பேசுவது எல்லாம் காதில் மாட்டுகிற ஒரு குமிழ் வழியாகத்தானாம். உன் கருவிக்கு மேல் அது நிற்காது. நான் கேட்டு உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். நீ "என்ன?" என்று கத்தாமல் இருந்தால் போதும்.

கொரலி


பாஸாவ், கப்பலில்
8 ஏப்ரல், மத்தியானம்
(உன் தலையணைமேல் வைக்கிறேன்)

கொரலி,

நீ மேல்தளத்தில் அந்த அடிலெய்ட் ஆட்களோடு உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நூற்றுப் பத்தாவது படியில் உட்கார்ந்துகொண்டு, பதினெட்டு பேர் முன்னால் "செத்தவர் போட்ட டிக்குக்கு நான் சாகணுமா?" என்று கத்தினாயே, அது நியாயமா? அந்த வழிகாட்டிப் பையன் முகம் வெளுத்துவிட்டது. யாரோ இப்போதுதான் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

நேற்று பத்து மணிக்கு ஆறு கிளாஸ் பீர் வைத்தார்கள். ஆறையும் ருசி பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னேனா?

நாளைக்கு சைக்கிள். காலை எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். வர இஷ்டமில்லையென்றால் இந்தத் தாளின் கீழேயே எழுதிவிடு. காரணத்தையும் எழுது. இடுப்பு என்று எழுதாதே. வேறு காரணம் ஏதாவது இருந்தால் எழுது.

வெ.

*

ஒரு வார்த்தையும் சொல்லவில்லைதான். ஆறு கிளாஸுக்கும் ஆறு விதமாக முகம் சுளித்தாய், மேசையிலிருந்தவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உன்னைப் பற்றிப் பேசவில்லை. என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். படியில் கத்தியது தப்பு. அதைச் சொல்ல அறைக்கு வந்தேன். நீ காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய். அப்பா இருந்தபோதிலிருந்து இதே பழக்கம். உனக்குக் கேட்க வேண்டாம் என்றால் உலகத்தில் யாரும் பேச முடியாது.

வேறு காரணம் ஒன்றுமில்லை. எட்டரைக்கு வருகிறேன்.

கொ.

பி.கு. நம் கப்பலோடு ஒட்டி இன்னொரு கப்பலைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், அதன் வழியாக நடந்துதான் நம் கப்பலுக்கு வர வேண்டும். இரண்டும் ஒரே அச்சு. சற்று முன் நீ தூங்கி எழுந்து வெளியே போய்த் திரும்பும்போது நம் அறை என்று நினைத்து அந்தக் கப்பலின் 214ஆம் அறைக் கதவைத் திறக்க முடியாமல் உதைத்தாயாம். உள்ளே கனடாக்காரர் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தாராம். கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோபமாக இருக்கிறேன், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.


க்ரெம்ஸ், மருத்துவமனை, இரண்டாம் மாடி
10 ஏப்ரல், காலை

வெர்னா அக்கா,

இதை இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே உள்ள நர்ஸ் இதைப் படம் எடுத்துக் கப்பலுக்கு அனுப்புவாள், வரவேற்பு மேசையில் அச்செடுத்து உன்னிடம் கொடுப்பார்களாம்.

வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. இடுப்பு வீங்கியிருக்கிறது, முறியவில்லை. நாளை மறுநாள்வரை இருக்கச் சொல்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சூப் வருகிறது, அதில் பான்கேக்கை நறுக்கிப் போட்டிருக்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை.

எப்படி விழுந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. சொல்கிறேன். நீ முன்னால் போய்க்கொண்டிருந்தாய். இரண்டு பக்கமும் ஆப்ரிகாட் மரம் பூத்திருந்தது. எழுபத்து மூன்று வயதில், தொப்பியை நாடாவால் கட்டிக்கொண்டு, ட்ரிங் ட்ரிங் என்று மணி அடித்துக்கொண்டு, நேராக, ஒரு தள்ளாட்டம் இல்லாமல் போனாய். நான் வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டே வேலியில் மோதினேன். 1958க்கு இப்போது கணக்கு சரியாகிவிட்டது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும் என்றார்கள். "நீ போ அக்கா, நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன். நீ போய்விட்டாய். போவாய் என்று நான் நினைக்கவில்லை.

போனதற்கு எனக்கு உன்மேல் கோபப்பட உரிமையில்லை. ஏன் என்று இப்போது எழுதுகிறேன். ஜனவரியில் நீ கேட்டதற்கு இதுதான் பதில். கிழித்த இரண்டு கடிதத்திலும் இதைத்தான் எழுதியிருந்தேன்.

போன ஜூலையில் நெவில் எனக்கு போன் செய்தார். டிவியில் ஃபுட்டி ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தது, ஒரு கண் அதில்தான். "கொரலி, இந்தக் கரைச் சுற்று எல்லாம் வெர்னாவுக்கு எது பிடிக்கும்னு சொல்லேன், அவளைக் கேட்டா உங்க இஷ்டம்கறா"ன்னார். நான் கேலிக்குச் சொன்னேன். "அவளுக்கு சைக்கிள்னா உயிரு, நெவில். குதிரைன்னா கொள்ளை ஆசை, வெளியில சொல்ல மாட்டா. காலையில ஒரு பீர் குடிக்கலேன்னா அவளுக்குப் பொழுதே விடியாது. படியிருந்தா ஏத்தி விடுங்க"ன்னேன். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "அப்படியா, எழுதிக்கறேன், மெதுவா சொல்லு"ன்னார்.

அவருக்குத் தெரியாமலா இருக்கும், பிறகு சிரிப்பார் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார். ஜனவரியில் உன் கடிதம் வந்தது. நீ அந்தத் தாளை அவருடைய கடைசி ஆசை என்று பிடித்துக்கொண்டிருக்கிறாய், அதில் இருப்பதெல்லாம் என் வாய்க்கொழுப்பு. சொன்னால் நீ இரண்டு பேரை இழப்பாய் என்று தோன்றியது. ஒன்று, உனக்கு எது பிடிக்கும் என்றே தெரியாத புருஷன். இன்னொன்று நான்.

அதனால் பீர் குடித்தேன், படி ஏறினேன், சைக்கிளிலிருந்து விழுந்தேன். இனிமேல் என்னால் முடியாது. குதிரை லாயத்துக்கு நீ போக வேண்டாம். அது அவர் ஆசை இல்லை. என்னை மன்னிக்க முடியாவிட்டால் ஊருக்குத் தனியாகப் போய்க்கொள்கிறேன், டிக்கெட்டை வரவேற்பு மேசையில் விட்டுவிடு.

கொரலி


வியன்னா, கப்பலில்
10 ஏப்ரல், மாலை நாலரை

அடியே கொரலி,

உன் கடிதம் காலையிலேயே வந்துவிட்டதாம். நான் அதற்குள் கரைக்குப் போய்விட்டேன். இப்போதுதான் வரவேற்பு மேசைப் பெண் கையில் கொடுத்தாள். நான் படித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டதால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் சொல்வதைப் படி.

எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

அன்றைக்கு நெவில் போனை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தார், காதில் பென்சில், கையில் அந்தத் தாள். நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "உன் தங்கச்சிகிட்ட கேட்டேன். உனக்கு சைக்கிள்னா உயிராமே? இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னார், முகத்தில் ஒரு கோடு அசையாமல். உன்னிடமும் அப்படித்தான் பேசியிருப்பார். அவர் பெரிதாகச் சிரிக்கப் போகிறார் என்றால் முதலில் முகம் அப்படித்தான் ஆகும், உனக்குத் தெரியாது. குதிரை வந்ததும் நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பீர் வந்ததும் இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "போட்டுடுவோமா?"ன்னார். "போடுங்க"ன்னேன். குதிரைப் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் திட்டம். "கொரலி உன் மூஞ்சியைப் பாக்கணும்"ன்னு சொல்லிச் சொல்லி இருமினார்.

புடாபெஸ்ட் ஏன் காலி தெரியுமா? அதை அவர் கேட்கும்போது நீ "கோல்!" என்று கத்திக்கொண்டு போனை வைத்துவிட்டாயாம்.

அவர் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது கேட்கிறது. காதுக் கருவி இல்லாமலே கேட்கிறது கொரலி.

"நான்தான் சொன்னேன்" என்று நீ ஒரு வரி எழுதுவாய், அப்போது சொல்லி இரண்டு பேரும் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். ஜனவரியில் கேட்டேன், பாஸாவில் கேட்டேன். நீ ட்ரம்பெட் என்று எழுதினாய். கோபம் வந்தது. அவருக்கு என்னைத் தெரியாது என்று நீ நம்பினாயே, அந்தக் கோபம். அது மட்டுமில்லை, உண்மையைச் சொல்கிறேன். நானே சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் அந்தக் கேலி முடிந்துவிடும். முடிந்தால் அவரும் முடிந்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

சைக்கிளில் ஏற வேண்டாம், பக்கத்தில் நின்று படம் எடுத்தால் போதும் என்றுதான் அவர்கூடச் சொன்னார். உன்னை ஏற்றியது நான். உன் மணிக்கட்டு என்னால் முறிந்தது. அதற்கு நான் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் நேற்று ஆம்புலன்ஸ் கதவில் நின்றேன். நீ போ என்றாய், தப்பித்தோம் என்று போய்விட்டேன். கப்பல் கிளம்பியதும் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நீ சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று என்று இத்தனை வருஷமாகத் தெரியும். நேற்று மட்டும் எனக்கு வசதியாக மறந்துவிட்டது.

இன்று மத்தியானம் குதிரைக்குப் போனேன். லாயத்துக்குள் படம் எடுக்கக் கூடாதாம். அத்தனை தூரம் போய் சும்மா வருவதா என்று வெளியே சதுக்கத்துக்கு வந்தேன். அங்கே வாடகைக் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு வண்டிக்காரர், உருண்டைத் தொப்பி போட்டவர், போனை வாங்கிக்கொண்டு "பக்கத்துல போங்க, இன்னும் பக்கத்துல போங்க" என்று கையால் காட்டினார். போனேன். அந்த மிருகம் என் தொப்பிமேல் தும்மியது. சரியாக அந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டார்.

இந்தக் கடிதத்தை வரவேற்பு மேசைப் பெண் உன் நர்ஸுக்கு அனுப்புகிறாள், படம் இதோடு வருகிறது. நெவில் உனக்கு அனுப்பச் சொன்ன படம். பார், நன்றாகப் பார்.

என் பெட்டியையும் உன் பெட்டியையும் கட்டிவிட்டேன். கப்பல் நாளை என்னை விட்டுவிட்டுப் போகட்டும். தாளில் புடாபெஸ்ட்டுக்கு நேரே காலியாக இருந்ததே, அங்கே "க்ரெம்ஸ் மருத்துவமனை, இரண்டாம் மாடி" என்று எழுதி நானே ஒரு டிக் போட்டேன், பென்சிலால். காலைப் பத்து மணி ரயில். பதினொன்றே கால்வாக்கில் உன் வாசலில் இருப்பேன்.

அதுவரை சிரித்து முடித்துவிடாதே. எனக்கும் மிச்சம் வை. கருவியைக் காதில் மாட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

அக்கா